டைம் ஆபீஸ்

டிவியில் 'இன்று நேற்று நாளை' ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கெலட்டனில் எங்கள் பழைய லைன் வீட்டின் முன்னறை. அம்மா கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் மகன் அவள் தோளில் சாய்ந்திருந்தான்.

2015இல் வந்த படம் அது. ஆர். ரவிக்குமாருக்கு முதல் படம். 2065இல் ஒரு விஞ்ஞானி செய்த கால இயந்திரம் ஐம்பது வருஷம் பின்னால் வந்து இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. தொலைந்த பொருள் எங்கே தொலைந்தது என்று பழைய நாளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோசியம் என்று சொல்லிக் காசு சம்பாதிக்கிறார்கள். அப்படிப் போய் வந்ததில், அவர்களை அறியாமலே ஒரு ரவுடியின் சாவு தவறிவிடுகிறது. செத்திருக்க வேண்டியவன் பிழைத்து எழுந்து, உயிரோடு இருக்க வேண்டியவர்களைத் தேடி வருகிறான். இனி திரும்பிப் போய் அவனைச் சாக விட்டாக வேண்டும்.

படம் முடிந்ததும் மகன் கேட்டான். "பாட்டி, உனக்கு அந்த மிஷின் கிடைச்சா எந்த நாளுக்குப் போவ?"

கல்யாண நாள் என்பாள், நைனா உயிரோடு இருந்த ஏதோ ஒரு தீபாவளி என்பாள் என்று நான் நினைத்தேன். அம்மா பூண்டுத் தோலை முறத்தின் ஓரமாகத் தள்ளினாள்.

"பத்து நிமிசம் போதும்டா எனக்கு. அதுக்கு மேல வேணாம்."

எந்தப் பத்து நிமிஷம் என்று அவன் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

*

ஸ்கெலட்டன் என்றால் எலும்புக்கூடு என்று பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை அது எங்கள் இடத்தின் பெயர், அவ்வளவுதான். கோலார் தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, கிஃபோர்ட் ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட் என்று மண்ணின் மேலும் கீழும் வெள்ளைக்காரப் பெயர்கள்தான். அந்தப் பெயர்களுக்குள் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் குடியிருந்தோம். கர்நாடக மண், தமிழ்ப் பேச்சு, அப்பாவுக்குத் தெலுங்கில் 'நைனா', கன்னடத்தில் கொஞ்சம் கோபம்.

என் சின்ன வயதில் எங்கள் லைனில் கடிகாரம் இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். முதல் ஷிப்டுக்கு ஒரு சங்கு, இரண்டாம் ஷிப்டுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டுவார்கள். நேரம் தவறி ஊதினால் மட்டும் யாரும் எந்த வேலையும் செய்ய மாட்டார்கள். அப்படியே தெருவுக்கு வந்து நிற்பார்கள்.

ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது டைம் ஆபீஸ். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது வாங்க வேண்டும், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவரில் வில்லை இல்லாத ஆணி என்றால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது சன்னல் கம்பி வழியாக அந்த ஆணிகளைப் பார்த்திருக்கிறேன். காலம் என்பது ஒரு ஆபீஸ் என்றும், அங்கே ஒரு குமாஸ்தா உட்கார்ந்து அதைப் பேரேட்டில் எழுதுகிறார் என்றும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நைனாவுக்கு டிம்பர் வேலை. தோண்டிய இடம் இடியாமல் மரமும் கல்லும் அண்டை கொடுப்பது. பக்கத்து லைனில் இருந்த மாமாவுக்கும் அதே வேலை. இருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்பார்கள். ரத்த உறவு எதுவும் கிடையாது. மாமா எங்கள் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எங்களுக்கு மாமா ஆனார், அவர் மனைவி அத்தை ஆனாள். அத்தைக்கு அப்போது இருபத்துநாலு வயது இருக்கும். காலையில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

*

1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. எங்கள் ஊர்க் கொட்டகைக்குப் பெட்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. எம்.ஜி.ஆர். படம் வந்தால் தங்கவயலே திருவிழாவாகும். அது எங்களுக்கு வெறும் சண்டைப் படமும் இல்லை. மின்னலின் சக்தியைப் பிடித்துச் சேமிக்கக் கற்றுக்கொண்ட விஞ்ஞானி முருகன், உலகம் இருக்கிற இருப்பில் இதை வெளியே விட்டால் அழிவுக்குத்தான் பயன்படும் என்று மறைத்து வைக்கிறார். அசோகன் நடித்த இன்னொரு விஞ்ஞானி அதை விற்றுக் காசாக்கத் துரத்துகிறார். கண்டுபிடித்தவன் கையிலேயே அதை அடக்கி வைக்கும் பொறுப்பும் இருக்கிறது என்பதுதான் கதை. தமிழில் வந்த விஞ்ஞானக் கதைப் படங்களில் இன்றும் எனக்கு அதுதான் உசத்தி. காலத்தைத் திருப்பும் கைக்கடிகாரத்தை வைத்து '24' வந்தது, ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியும் 'மாநாடு' வந்தது. இரண்டும் கெட்டிக்காரத்தனமான படங்கள். அந்த முருகனின் தயக்கம் மட்டும் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரம் நைனாவுக்கு இரண்டாம் ஷிப்டு, மாமாவுக்கு ராத்திரி ஷிப்டு. அன்று மத்தியானம் இருவரும் ஷிப்டு மாற்றிக்கொண்டார்கள். நைனா எங்களைச் சாயங்கால ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டு ராத்திரி இறங்குவார். அவர் இடத்தில் மாமா இப்போதே இறங்குவார். அவசரத்தில் செய்த ஏற்பாடு. பேரேட்டில் பெயர் மாறவில்லை. மாமா நைனாவின் வில்லையை வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறினார். மார்க்கெட்டுக்குப் போயிருந்த அத்தைக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

இந்த மாற்றத்தை முதலில் கேட்டது யார் என்பதில் பின்னால் பெரிய வழக்கே நடந்தது. நைனா, "புள்ளைங்களுக்குப் படம் காட்டணும்னு நான்தான் கேட்டேன்" என்பார். மாமா ஒப்பவே மாட்டார். "ஆடி மாசம், குடியாத்தத்துல மாமியார் வீட்ல கூழ் ஊத்துறாங்க, விடிகாலை ரயிலைப் பிடிக்கணும், ராத்திரி ஷிப்டு வேணாம்னு நான்தான்யா கேட்டேன். நீ ஒத்துகினே, அவ்ளோதான்" என்பார். திண்ணையில் உட்கார்ந்து இருபது வருஷம் இதையே பேசினார்கள். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இரண்டு பேர் இப்படிச் சண்டை போட்டதை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

*

கொட்டகையில் நாங்கள் பெஞ்சு டிக்கெட். ஒசாகா கண்காட்சி வந்தது. 1970இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்கே போய் எம்.ஜி.ஆர். எடுத்த காட்சிகள். நைனா என் காதில், "நம்ம ஊருக்கு வர்ற ஜப்பான்காரங்க இந்த ஊருதான்" என்றார். உண்மைதான், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்போது பெஞ்சு ஆடியது.

தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அது புதிதில்லை. ஆழத்தில் பாறையைத் தோண்டத் தோண்ட, மேலே இருக்கும் பாரமெல்லாம் மிச்சமிருக்கும் தூண்களில் ஏறும். ஒரு நேரத்தில் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். அதுதான் ராக் பர்ஸ்ட். கீழே வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். சின்னது என்றால் பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். இது சின்னதில்லை. திரைச்சீலையே அலை அலையாக ஆடியது, எம்.ஜி.ஆரின் முகம் நெளிந்தது. கொட்டகை அப்படியே அமைதியானது. முன்னூறு பேரும் படத்தைப் பார்க்கவில்லை, காது கொடுத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது.

நைனா தம்பியைத் தோளில் போட்டார், என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் வலி இன்றும் மணிக்கட்டில் இருக்கிறது. ஓடினோம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் லைன் முனையில் நாங்கள் திரும்பியதும் நான் பார்த்தது அத்தையைத்தான். எங்கள் வீட்டு வாசலில் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சுற்றிப் பெண்கள். அத்தைதான் நைனாவை முதலில் கண்டாள். "அண்ணன்! அண்ணி, அண்ணன் வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

பாதி வழியில் கால் நின்றது.

"அப்ப கீழ யாருண்ணா?"

நைனா பதில் சொல்லவில்லை. தம்பியை இறக்கிவிட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

*

இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை அம்மா என்னிடம் 2017இல் சொன்னாள், சாவதற்கு ஒரு வருஷம் முன்பு.

சங்கு ஊதியதும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். டைம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, எந்த லெவலில் இடிந்தது, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று நாலு பெயர் சொன்னான். நாலில் ஒன்று நைனாவின் பெயர். அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்திருந்த அத்தை, மாமா டீக்கடையில் இருப்பார், பத்து மணிக்குத்தானே ஷிப்டு என்று நினைத்திருந்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி, நான் சொல்றேன்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். மாரியம்மனை நோக்கிக் கும்பிட்டு, "எங்கண்ணனை உசுரோட குடு, ஆடிக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், கீழே இருப்பது யார் என்று.

"சொல்லணும்னு வாயைத் தொறந்தேன்" என்றாள் அம்மா. "ஆனா அந்த ஆளு பேரைச் சொன்ன ஒடனே என் மனசுல மொதல்ல வந்தது சந்தோசம்டி. நம்ம வூட்டுக்காரரு இல்லன்னு ஒரு சந்தோசம். அது வந்துச்சே, அதான் வாயை அடைச்சிடுச்சி. அவ என் கண்ணைத் தொடைக்கிறா. நான் அவ புருசனுக்காகத்தான் அழுவுறேன், அவளுக்குத் தெரியல. எனக்காக வேண்டிகினு கீறா. பத்து நிமிசம் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூடவும் இருக்கும்."

"சொல்லியிருந்தா மட்டும் என்னம்மா ஆயிருக்கும்? மாமாவை அதுக்கு முன்னாடியா வெளிய எடுத்திருப்பாங்க?"

"எடுத்திருக்க மாட்டாங்க. அவ வேண்டுதலு அவ புருசனுக்குப் போயிருக்கும்."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

மாமாவை மறுநாள் காலையில் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கூட இருந்தவர்களில் இரண்டு பேர் பிணமாக வந்தார்கள். அத்தை அந்த ஆடி முடிவதற்குள் தீச்சட்டி எடுத்தாள். கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஏன் என்று கேட்டவர்களிடம், "அண்ணன் உசுரோட வந்தாரில்ல, வேண்டிகினது வேண்டிகினதுதானே" என்றாள். நெருப்புச் சட்டியோடு அவள் முன்னால் நடக்க, வேப்பிலைக் கொத்தோடு அம்மா பின்னால் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன் அம்மா அப்படித் தேம்பிக்கொண்டு நடந்தாள் என்பதுதான் எனக்குப் புரிய நாற்பத்துநாலு வருஷம் ஆயிற்று.

'இன்று நேற்று நாளை'யில் தப்பிப் பிழைப்பவன் ரவுடி. அதனால் அவனைச் சாவுக்குத் திருப்பி அனுப்புவதில் பார்க்கிறவர்களுக்கு மனக்கஷ்டம் இல்லை. எங்கள் லைனில் தப்பியவரும் நல்லவர், மாட்டியவரும் நல்லவர். மிஷினை எடுத்துக்கொண்டு அந்த மத்தியானத்துக்குப் போனால் நான் யாரிடம் போய் என்ன சொல்வது? "மாத்திக்காதீங்க" என்று சொன்னால் என் நைனாவின் கால், இல்லை உயிர். சும்மா நின்றால் மாமாவின் கால். மாமாவிடமே இதை ஒருமுறை, நான் கல்லூரியில் படித்த நாளில், கேட்டிருக்கிறேன். கட்டைக் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "நான் போனா எனக்கு, உங்கப்பன் போனா அவனுக்கு. நாங்க ரெண்டு பேரும் போவலன்னா வேற ஒருத்தன். அந்த எடத்துல ஒரு ஆளு நின்னுதான் ஆவணும்னு வெச்சிருந்தாங்க பாரு, அதை மாத்த உன் படிப்புல வழி இருந்தா சொல்லு."

*

ஜப்பான்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். என் பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தார். விஞ்ஞானிகளின் பெட்டிகளையும் இரும்புத் தகடுகளையும் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாகக் கீழே இறக்கிய ஆட்களில் அவரும் ஒருவர். "சத்தமே இல்லாத எடம் வேணுமாம் அவங்களுக்கு. நம்ம மெஷின் சத்தம் இல்ல, வானத்துச் சத்தம்" என்பார்.

ஹோமி பாபா அனுப்பி பி.வி. ஸ்ரீகண்டன் 1951இல் தங்கவயலுக்கு வந்தார். வானத்திலிருந்து விழும் மியூவான் என்ற துகள்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று அளக்க வந்தார். 1960களில் ஆகக் கீழே ஒரு லெவலில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. அப்படியானால் இங்கே எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைப் பிடிக்கலாம் என்று டாடா ஆராய்ச்சி நிலையமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து இறங்கின. 1965இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் கிடைத்தது. எம்.ஜி.கே. மேனன், மியாகே, வுல்ஃபெண்டேல் என்று உலகம் அந்தப் பெயர்களைச் சொல்கிறது. பெட்டி இறக்கியவர்களின் பெயர் டைம் ஆபீஸ் பேரேட்டில் இருந்திருக்கும்.

இதில் என் மனம் நிற்பது மியூவானில். அது பிறப்பது தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். அதன் ஆயுள் ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த ஆயுளில் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் தரைக்கு வருகிறது, தரையைத் துளைத்துக்கொண்டும் போகிறது. காரணம், அவ்வளவு வேகத்தில் போகிற பொருளுக்குக் காலம் மெதுவாக நடக்கிறது. நமக்கு ஓடுகிற வேகத்தில் கடிகாரம் அதற்கு ஓடுவதில்லை. ஐன்ஸ்டைன் சொன்னது இது. நிஜமான காலப் பயணி என்றால் அதுதான், எங்கள் வீட்டுத் தரை வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதற்கும் ஒரே திசைதான், வருங்காலத்தின் பக்கம் மட்டும். அம்மாவின் பத்து நிமிஷத்துக்கு அந்த விஞ்ஞானத்தில் இடம் இல்லை.

1980களில் அதே ஆழத்தில் 140 டன் இரும்பை அடுக்கிவைத்து, ஒரு புரோட்டான் சாகிறதா என்று காத்திருந்தார்கள். அதன் ஆயுள் ஒன்றுக்குப் பின்னால் முப்பதுக்கு மேல் சைபர் போட்ட வருஷக் கணக்கு. ஒரு பக்கம் அவ்வளவு பொறுமையாகக் காலத்தை அளந்துகொண்டிருந்த அதே ஊரின் பாதாளத்தில், இன்னொரு பக்கம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றினார்கள். அந்த விஞ்ஞானத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. பெரியப்பா கடைசி வரை அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையில் ஒரு துளி அந்தத் தூண்களின் மேலும் முன்பே விழுந்திருக்கலாம் என்பதுதான் ஆற்றாமை. பாறையியலுக்கென்று தேசிய நிறுவனம் ஒன்று 1988இல்தான் இங்கே வந்தது.

*

மிஷினை இன்னும் பின்னால் தள்ளினால் என்ன என்று யோசித்திருக்கிறேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வந்த என் கொள்ளுத்தாத்தாவை வழியிலேயே மறித்து, "போகாதே, அங்கே நெஞ்சில் கல்தூள் ஏறும், பேரன் இருமியே சாவான்" என்று சொல்லலாம். நைனா 1994இல் அப்படித்தான் போனார். சிலிகோசிஸ்.

கொள்ளுத்தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். விட்டுவந்த ஊரில் அவருக்குக் கூலி கிடையாது, படிதான். செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க முடியாது. இங்கே மாதம் பிறந்தால் கையில் சம்பளம். ஆண்டையின் பெயரைச் சொல்லாமல் சொந்தப் பெயரைச் சொல்லி வாங்கிய சம்பளம். பெங்களூருக்கு 1905இல்தான் மின்சார விளக்கு, தங்கவயலுக்கு 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டது. சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து தமிழில் புத்தகம் போட்டது. கீழே வெள்ளைக்காரனுக்குத் தங்கம் வெட்டிய மனிதர்கள் மேலே வந்து குளித்துவிட்டுப் புத்தரைப் படித்தார்கள். அந்தக் கொள்ளுத்தாத்தாவை நான் மறித்தால் நைனாவின் நெஞ்சு பிழைக்கும். நான் இதை எழுத மாட்டேன், எனக்கு எழுத்தே வந்திருக்காது. என் மகனைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மறிக்க எனக்குக் கை வரவில்லை. மறிக்காமல் இருக்கவும் மனசு ஆறவில்லை.

*

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு சங்கு ஊதவில்லை. நூற்றிருபது வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்த ஊர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறி நிற்கிறது.

இப்போது ஊரை எழுப்புவது ரயில். விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். பங்காரப்பேட்டை வழியாக பெங்களூருக்குப் போய், ராத்திரிதான் திரும்புகிறார்கள். நானும் முப்பது வருஷம் அப்படிப் போய் வந்தவள்தான். தாத்தாக்கள் இருட்டில் கீழே இறங்கினார்கள், பேரப்பிள்ளைகள் இருட்டில் கிழக்கே விட்டு மேற்கே போகிறார்கள். சூரியனைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை என்பது மாறவில்லை.

நாங்கள் சறுக்கி விளையாடி அடி வாங்கிய சைனைடு மேடுகள் அப்படியே இருக்கின்றன. காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தை அங்கே எடுத்தார்கள். ஊரின் பெயர் உலகமெல்லாம் போயிற்று. அதில் எங்கள் பேச்சும் இல்லை, எங்கள் டைம் ஆபீஸும் இல்லை. 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோதுதான், வட ஆற்காட்டிலிருந்து மூட்டையோடு நடந்து வருகிறவர்களைத் திரையில் பார்த்தேன். தியேட்டரில் அழுதேன், வெட்கப்படவில்லை. அதே வருஷம் ஜூனில், அந்த மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பதின்மூன்று மேடுகள், 3 கோடியே 30 லட்சம் டன் மண். எங்கள் பாட்டன்மார் அரைத்துக் கழித்துப்போட்டது. அதிலும் பொன் மிச்சம் இருக்கிறதாம். அதை எடுக்கும்போது தூசிக்கு என்ன வழி, பக்கத்து லைன்களில் இருமுகிறவர்களுக்கு என்ன வழி என்பதை இந்த முறையாவது முதலில் பேச வேண்டும். இதற்கு மிஷின் தேவையில்லை. இது இன்னும் நடக்காத நாள்.

*

மாமா 2006இல் போனார். அத்தை மட்டும் ஸ்கெலட்டனில் அதே வீட்டில் இருக்கிறாள். போன ஆடிக்குப் போயிருந்தேன். கூழ் கொடுத்தாள். முருங்கைக்கீரை, கருவாடு. கண் கொஞ்சம் மங்கியிருக்கிறது, நினைவு மங்கவில்லை.

அம்மாவின் பத்து நிமிஷத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் ரயிலில் வரும்போதெல்லாம் எனக்குள் ஓடுவது. சொன்னால் அம்மாவின் நெஞ்சிலிருந்து இறங்கியது இவள் நெஞ்சில் ஏறும். சொல்லாவிட்டால், அந்தத் தீச்சட்டியின் கணக்கு தெரிந்த கடைசி ஆளாக நானே இருந்துவிட்டுப் போவேன். அன்றும் வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, அன்னிக்கு நீங்க பார்த்தீங்களே அந்தப் படம். அது உன் போன்ல வருமா?"

ஐம்பது வருஷமாக அவள் அதைப் பார்க்கவில்லை. டிவியில் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். நான் போனில் தேடிப் போட்டேன். திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அத்தை பேசவே இல்லை. எம்.ஜி.ஆர். வந்தபோது மட்டும், "எவ்ளோ செவப்பு" என்றாள். ஒசாகா கண்காட்சி வந்தது.

"சங்கு எப்ப ஊதுச்சு?"

"கொஞ்சம் பொறு அத்தை."

கூட்டத்துக்கு நடுவே அவர் நடந்து வருகிற இடம். அலையலையாக ஆடிய அந்த முகம். விரலால் தொட்டு நிறுத்தினேன். "இங்கதான் அத்தை. ஆடுனது இங்க. கொஞ்ச நேரத்துல சங்கு."

அத்தை போனைத் தன் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நின்றுபோன அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போம்மா" என்றாள்.